முதல் குண்டான் பொங்கல்

மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போது பெட்டியில் மூன்று கிலோ பேரீச்சம்பழமும் கைபேசியில் ஒரு சாட்சி உரையும் எடுத்துக்கொண்டேன். இரண்டில் பேரீச்சம்பழத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

அப்பா இறந்து ஓராண்டு முடிகிறது. திருவண்ணாமலையில் அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். அதற்கு முந்தைய வாரம் சபையில் பிள்ளைகளுக்கான கோடை வேதபாட முகாம். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பதால் நானும் ஒன்பது வயது மகள் ரூத்தும் மட்டும் வந்தோம். நான் அங்கே நர்ஸ். பதினெட்டு வருடம் மஸ்கட், அதற்கு முன் நர்சிங் கல்லூரி, அதற்கும் முன் விடுதிப் பள்ளி. யோசித்துப் பார்த்தால் சொந்த ஊரில் நான் சேர்ந்தாற்போல வாழ்ந்தது பன்னிரண்டு வயது வரைதான். ஆனாலும் இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற திமிர் மட்டும் குறையவே இல்லை.

சனிக்கிழமை மதியம் பஸ் எங்களை இறக்கிவிட்டபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மஸ்கட்டில் வெயில் இதைவிட ஜாஸ்தி. ஆனால் அங்கே வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து கடைக்கு என்று வெயிலுக்குப் பத்தடிக்கு மேல் இடம் கொடுக்க மாட்டோம். இங்கே பேருந்து நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். கூட்டிப்போக வந்த அண்ணனின் ஸ்கூட்டர் பாதி வழியில் பஞ்சர். ரூத் மலையைப் பார்த்துவிட்டு, "இதுதான் தாத்தா மலையா?" என்று கேட்டாள். அப்பா வீடியோ அழைப்பில் பேசும்போதெல்லாம் மொட்டைமாடியில் மலை தெரிகிற மாதிரி நின்றுதான் பேசுவார். அதனால் அவளுக்கு அது தாத்தாவின் மலை. பக்கத்தில் நின்ற காவித் துண்டுக்காரர் சிரித்தார். "எல்லாருக்கும் தாத்தா மலைதாம்மா" என்றார். நான் ரூத்தின் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அண்ணன் சாமுவேல் வேங்கிக்காலில் அப்பா கட்டிய வீட்டிலேயே இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல் அவன் கைதான். முதல் நாள் இரவு கத்தரிக்காய் போட்ட காரக்குழம்பு வைத்திருந்தான். ரூத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். "தாத்தாவுக்குக் காரம் கம்மியா வெப்பேன். அவரு இல்லன்னதும் என் நாக்குக்கு வெச்சுக்கறேன்" என்றான் அண்ணன்.

அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்களுக்கு மாட்டு டாக்டர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து கிராமங்களில் அவர் கை படாத பசு இல்லை என்பார்கள். புதன்கிழமை மதியம் முகாம் முடிந்ததும் ரூத்தோடு அந்தப் பக்கம் போனேன். அவர் வேலை பார்த்த ஊரைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் பேசுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடுவதுதான் நோக்கம்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மறுநாள் பௌர்ணமி என்பதால் ஊர் முழுக்க ஆந்திரப் பக்கத்து யாத்திரிகர்கள். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தெலுங்கில் தன் தங்கையிடம் என்னைப் பற்றித்தான் பேசினாள். மருத்துவமனையில் உடன் வேலை செய்கிறவர்களால் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரியும். "பாவம், ஊருக்குப் புதுசு போல. எங்கே இறங்குவது என்று தெரியாமல் முழிக்கிறாள்" என்றாள். பிறகு எனக்கும் ரூத்துக்கும் பொட்டலத்திலிருந்து பொரி நீட்டினாள். கோயிலில் வாங்கியதோ என்னவோ என்று வேண்டாம் என்றேன். நிறுத்தத்தைத் தவறவிட்டு அடுத்த ஊரில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம். அவள் சொன்னது சரிதான்.

ஒரு கொட்டகை நிழலில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெரியவர், நான் மாட்டு டாக்டர் மகள் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். அவித்த கடலை கொடுத்தார்கள். ரூத் ஓட்டோடு கடித்துத் துப்பினாள். பெரியவர் சொன்னார்: "டாக்டரு தங்கமான மனுசங்க. ஆனா மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மட்டும் எங்க வூட்ல கை நனைக்க மாட்டாரு. படைச்சுட்டீங்களான்னு கேப்பாரு. படைச்சாச்சுன்னா மோர் மட்டும் குடுன்னுடுவாரு. நாங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்கல." நான் தேடி வந்தது இதைத்தான். திரும்பும் பஸ்ஸில் கைபேசியை எடுத்து, 'இந்த ஊரில் இத்தனை வருடம் வாழ்ந்தும் படையல் சோற்றில் ஒரு பருக்கை தொடாதவர்' என்று உரையில் சேர்த்தேன்.

வியாழக்கிழமை பௌர்ணமி. மதியத்துக்கு மேல் சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் முகாமைச் சீக்கிரம் முடிப்பதாகச் சொன்னார்கள். அன்றைய பாடம் என்னுடையது. ராஜாவின் விருந்துச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்ன வாலிபனைப் பற்றிய வேதாகமக் கதை. எனக்கு நடிப்பு நன்றாக வரும். மேஜைமேல் வாழைப்பழமும் கேக்கும் வைத்து, ராஜாவுக்கு அட்டைக் கிரீடம் வைத்து, பிள்ளைகளை எல்லாம் கோரசாக "வேண்டாம், ராஜாவே!" என்று கத்த வைத்தேன். ஜன்னல் அதிர்ந்தது. பிறகு கதையோடு நிற்காமல் உபதேசத்துக்கும் இறங்கினேன். வேறு சாமிக்குப் படைத்ததை யார் கொடுத்தாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்குமேல் அக்கம்பக்கத்து இந்துப் பிள்ளைகள். பாட்டுக்கும் கேக்குக்கும் வருகிறவர்கள். அதில் ஒரு பெண் கை தூக்கி, "அப்ப எங்க வூட்டுக்கு வந்தா சாப்ட மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. நான் அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்கச் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை ஐந்து மணி இருக்கும். அண்ணன் கூட்டத்துக்கு பெஞ்ச் எடுக்க சபைக்குப் போயிருந்தான். வாசலில் வசந்தா அக்கா நின்றார். இவர் இருபது வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். மதில் மேலாக இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி.

முகமெல்லாம் வியர்வை. செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டில் சுற்றிய எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். "மெர்சி பாப்பா, எப்ப வந்த? சக்கரைப் பொங்கல் கொண்டாந்தேன். ஐயா பேரச் சொல்லி பிள்ளைக்குக் குடு."

டப்பாவின் மூடிக்குக் கீழே வாழை இலைத் துண்டு. பௌர்ணமி நாள். இதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? நான் முடிவு செய்துவிட்டேன். ரூத் என் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இது சாமிக்குப் படைச்சதா?" என்று கேட்டாள்.

அக்கா சிரித்தார். "இல்லம்மா, இது வந்து..."

அவரைப் பேச விடாமல் நான் குறுக்கே விழுந்தேன். "ரூத், பெரியவங்ககிட்ட அப்படிக் கேக்கக் கூடாது. குடுங்கக்கா, அப்புறமா சாப்பிடறோம்." மகளின் வாயை அடைத்து மரியாதை காப்பாற்றியதாக நினைப்பு. உண்மையில் அவர் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல விடவில்லை.

பக்கத்து வீட்டில் இப்போது குடியிருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அக்கா படி இறங்கினார். 'வருகிறேன்' என்றதை, போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் அந்தத் தெருவில் யாரோ வளர்க்கும் மாடு ஒன்று கட்டியிருந்தது. அதன் தொட்டியில் பொங்கலைக் கொட்டினேன். குப்பையில் போடவில்லை, மாட்டுக்குத்தானே போடுகிறோம் என்று மனதுக்கு ஒரு சமாதானம் வேறு. ரூத் பக்கத்தில் நின்று, காலையில் கற்றுக்கொண்டபடி, கையை நீட்டி உரக்கச் சொன்னாள்: "வேண்டாம், ராஜாவே!"

திரும்பினால் சந்தில் வசந்தா அக்கா. டப்பாவை வாங்கிப் போக வந்திருக்கிறார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்து டப்பாவை வாங்கி, அங்கிருந்த குழாயில் தானே கழுவினார். ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் தேய்த்துக் கழுவினார். "வெல்லம் கம்மியாத்தான் போட்டிருந்தேன். கை பழகிப்போச்சு" என்றார். ருசி போதாததால் கொட்டினேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அவர் கொடுத்த வழி அது. எனக்கு அது அப்போது புரியவில்லை. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அன்று அதுவும் தோன்றவில்லை. ஈர டப்பாவோடு போனார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் கொள்கையில் நின்றேன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்து ஜெபித்துவிட்டு வந்தோம். பதினோரு மணிக்குக் கூட்டம். வீட்டு முன்னால் பந்தல். போதகர் ஜெபித்தார், பாட்டுப் பாடினோம், பிறகு என்னை அழைத்தார்கள். நான் நன்றாகவே பேசினேன். கீழ்பென்னாத்தூர் மோர்க் கதையைச் சொன்னேன். படையல் சோற்றில் ஒரு பருக்கை தொடாதவர் என்றபோது முன்வரிசையில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். இதுவே என் தகப்பன் எனக்கு விட்டுப்போன சாட்சி, என் மகளுக்கும் அதையே கற்றுக்கொடுக்கிறேன் என்று முடித்தேன். நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வசந்தா அக்கா உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு இருந்தார். எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். போதகர் கை நீட்டி எங்கள் ஆண்டவரின் பேரால் ஆசீர்வதித்த சாப்பாடு அது. இது யாருக்கு ஜெபித்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் அண்ணனும் நானும் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். "பௌர்ணமி அன்னிக்கு அக்கா பொங்கல் கொண்டாந்திருப்பாங்களே, எனக்கு வெக்கவே இல்ல?" என்றான்.

"படைச்சதுன்னு மாட்டுக்குப் போட்டுட்டேன்."

அவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். "அது படைச்சது இல்ல மெர்சி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமாத் தெரியும். பக்கத்து வூட்ல இருந்தப்பலேர்ந்து எந்த விசேஷம்னாலும் முதல் குண்டான் அப்பாவுக்கு. அத எறக்கி மூடி, நம்ம மதில் மேல வெச்சுட்டு, அதுக்கு அப்புறம்தான் சாமிக்குப் பொங்க வெப்பாங்க. சாமிக்கு முன்னாடி மனுஷனுக்கு எடுத்து வெப்பியான்னு அவங்க மாமியாரு ஒவ்வொரு தபாவும் சண்ட போடும். எனக்கு இங்க கேக்கும்."

"அப்பா கேட்டாரா அப்படி வெக்கச் சொல்லி?"

"இல்ல. மொத தபா கொண்டாந்தப்ப வேணாம்மான்னாரு. ஏன்னு காரணமும் சொன்னாரு. அவ்வளவுதான். அடுத்த விசேஷத்துக்குத் தனியா வெச்சுக் கொண்டாந்து, 'இது சாமிக்குத் தெரியாம வெச்சது ஐயா, சாப்புடுங்க'ன்னாங்க. அப்பா சிரிச்சுட்டு வாங்கிக்கிட்டாரு. அப்பாவுக்குச் சக்கரை வியாதி வந்த பிறகு அவங்களே வெல்லத்தக் கம்மி பண்ணிட்டாங்க."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

அண்ணன் மறுபடி கரண்டியைத் தேய்க்க ஆரம்பித்தான். "சொன்னா நீ மஸ்கட்லேர்ந்து ஃபோன்லயே பிரசங்கம் பண்ணுவன்னு அப்பாதான் வேணாம்னாரு."

நூறு பேருக்கு நடுவே நின்று அப்பாவின் உறுதி என்று நான் புகழ்ந்தேனே, அதில் பாதி வசந்தா அக்காவின் உழைப்பு. மாமியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, தன் வழக்கத்தைத் தானே மீறி, அடுத்த வீட்டுக்காரரின் விசுவாசத்தை இருபது வருடம் பாதுகாத்தவர் அவர். அவரையே கடைசி வரிசையில் உட்காரவைத்து, அவர் கொடுத்ததைத் தொடாததே பெருமை என்று மைக்கில் பேசியிருக்கிறேன். வெட்கம் என்றால் நான் அதுவரை வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திங்கள்கிழமை ஒரு அத்தை வீடு, செவ்வாய் ஆரணியில் பட்டு எடுக்க வேண்டியது, புதன் ரூத்துக்கு வயிற்றுப்போக்கு, வியாழன் தலைவலி. எல்லாம் சாக்கு. வார்டில் எத்தனையோ பேரிடம் கெட்ட செய்தியை நேருக்கு நேர் சொன்னவள், ஒரு வீட்டு வாசலுக்குப் போகப் பயந்துகொண்டு நான்கு நாள் ஓட்டினேன். சனிக்கிழமை விமானம். இனி சாக்கு இல்லை என்றானதும் வெள்ளிக்கிழமை காலையில் ரூத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர் என் கூலிங் கிளாஸைப் பார்த்துவிட்டு, "எந்த ஆசிரமம் மேடம்?" என்றார். அடி அண்ணாமலையில் ஒரு வீடு என்றேன். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டம் விட்டுப்போன இளநீர்க் கூடுகளை இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மஸ்கட்டில் ஒரு காகிதம் போட்டால் அபராதம் என்று ரூத் அவருக்குப் பாடம் எடுத்தாள். அவர் சிரித்தார். "இன்னிக்கு வண்டி ஓடுது பாப்பா. பௌர்ணமி அன்னிக்கு இந்த ரோட்ல ஒரு ஆட்டோ உள்ள வராது. எங்க போனாலும் நடைதான்."

"இங்கேர்ந்து வேங்கிக்கால் போகணும்னாலும்?" என்று கேட்டேன்.

"பாதி மலைய சுத்தணும். கூட்டத்துக்கு நடுவுல வேற. ரெண்டு மணி நேரம் ஆகும்."

அந்த வியர்வைக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. போகும்போதும் அதே இரண்டு மணி நேரம், ஈர டப்பாவோடு. அதற்குமேல் ஓட்டுநர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

சின்ன வீடு. முன்னால் செம்பருத்தி. வசந்தா அக்கா எங்களைப் பார்த்ததும் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க, வாங்க. உக்காருங்க. ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?" என்றார். இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற 'வாங்க'தான். ஆனால் அவர் என்னை அதுவரை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

உட்காராமலே சொல்லிவிட்டேன். "அக்கா, நான் பண்ணது பெரிய தப்பு. அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சுது. நீங்க சொல்ல வந்ததைக்கூட நான் கேக்கலை. மேடையில வேற அப்படிப் பேசினேன். மன்னிச்சிடுங்க." ரூத் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அட, அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? மாட்டு டாக்டரு வூட்டுப் பொங்கல மாடு சாப்டுச்சு. ஐயா இருந்தா சிரிச்சிருப்பாரு. வுடுங்க." அவரும் சிரித்தார். கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று வெளியே போனார். முனைக் கடையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் குளிர்பானப் பாட்டிலும் வாங்கி வந்து, தட்டில்கூட வைக்காமல், அப்படியே ரூத்தின் கையில் கொடுத்தார். "கடையில வாங்கினதுங்க. பிரிக்கல. நீங்களே பிரிச்சுக்குங்க."

உள்ளேயிருந்து சாம்பார் வாசனையும் பாயச வாசனையும் வந்துகொண்டிருந்தன. "அக்கா, உங்க கையால சாப்பிடணும்னு வந்தேன். வீட்ல என்ன இருக்கோ அது குடுங்க" என்றேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. காலையிலயே படைச்சுட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

சிறுவயதிலிருந்து தாண்டாத கோடு. ஆனாலும், "பரவாயில்லக்கா. அதையே குடுங்க" என்றேன். மனதாரத்தான் கேட்டேன். அந்த நேரத்தில் வேறெந்த வழியும் எனக்குத் தெரியவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "வேணாங்க. ஐயா அத்தன வருஷம் காப்பாத்தினது. என் வூட்ல வந்து கெட்டுச்சுன்னு இருக்க வேணாம். பாப்பாவும் பாத்துக்கிட்டிருக்கு."

பாக்கெட்டைப் பிரித்தேன். நானும் ரூத்தும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் சாப்பிட்டோம். அக்கா எதிரே தரையில் உட்கார்ந்து, மஸ்கட்டில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தெருமுனை வரை வந்து, ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.

"அடுத்த வருஷம் வருவீங்களா?" என்று கேட்டார்.

"வருவேன்க்கா."

"முன்கூட்டியே ஒரு ஃபோன் பண்ணிடுங்க. கடையிலேர்ந்து நல்லதா ஏதாவது வாங்கி வெக்கிறேன்."

குத்திக் காட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். நான் சரிக்கா என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.